தைப்பூசத்துக்குப் பிறகு வந்த காய்ச்சல்

என் தம்பிக்கு அப்போது 26 வயது. வாரம் இரண்டு முறை காற்பந்து ஆடுவான். சிங்கப்பூரில் இளைஞர்கள் கட்டாயமாகச் செய்யும் தேசிய சேவையை முடித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சிகரெட் பழக்கம் கிடையாது. அவனுக்கு நுரையீரலில் நோய் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டோம். ஆனால் வந்தது. அது என்ன நோய் என்று தெரிய மூன்றரை வாரம் ஆனது. அந்த மூன்றரை வாரத்தில் நாங்கள் எங்கே தவறவிட்டோம், கடைசியில் எது வழி காட்டியது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இளம் வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது உதவும்.

அந்த வருடம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாகத் தம்பி வேண்டிக்கொண்டிருந்தான். டிசம்பரில் விரதம் தொடங்கினான். 48 நாள், ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சைவம். ஜனவரி நடுவில் பார்த்தால் ஆள் பாதியாகியிருந்தான். சட்டைக் காலர் கழுத்தில் நிற்காமல் தொளதொளவென்று கிடந்தது. "விரதம்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே. இரவில் மூன்று முறை எழுந்து பாத்ரூம் போனான். பெரிய போத்தலில் தண்ணீர் நிரப்பிப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். ஒரு வேளை சாப்பிடுகிறவன் தண்ணீரால் வயிற்றை நிரப்புகிறான், குடித்தால் போகத்தானே வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

தைப்பூசம் நல்லபடியாக முடிந்தது. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நானும் கூடவே நடந்தேன். அதற்கு இரண்டாம் நாள் இரவு அவனுக்குக் காய்ச்சல் கண்டது. நடந்த அசதி என்றார் அப்பா. கூட்டத்தில் யாரிடமிருந்தோ ஒட்டிக்கொண்டது என்றேன் நான். கொவிட் பரிசோதனையை வீட்டிலேயே செய்து பார்த்தோம், இல்லை என்று வந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் பாராசிட்டமோல், இருமல் மருந்து, இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கிடைத்தது. மூன்றாம் நாளில் வேலைக்குப் போய்விட்டான், காய்ச்சலோடுதான்.

ஒரு வாரம் கழித்து மறுபடி அதே கிளினிக். இந்த முறை ஆக்மென்டின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. காய்ச்சல் 39-லிருந்து 37.8-க்கு இறங்கியது. நாங்கள் நிம்மதியானோம். சீனப் புத்தாண்டு விடுமுறையில் பாதிக் கிளினிக்குகள் மூடியிருந்தன, மாத்திரையும் அப்போதுதான் முடிந்தது, காய்ச்சல் மறுபடி ஏறியது. கூடவே ஒரு புது வலி. மூச்சை ஆழமாக இழுத்தால் வலது பக்க நெஞ்சில் குத்துகிறது என்றான். இரவில் வியர்த்துப் போர்வையை மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கிளினிக் டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது வயதுகளில் ஒருவர் காய்ச்சல், இருமலோடு வந்தால் பெரும்பாலும் சாதாரணச் சளிக்காய்ச்சல்தான். இரண்டாம் முறை போனபோது முதல்முறை போனதற்கும் அன்றைக்கும் இடையில் எவ்வளவு எடை குறைந்தது, எத்தனை நாள் காய்ச்சல் என்று நாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "இன்னும் சரியாகல டாக்டர்" என்பதோடு முடித்துக்கொண்டோம்.

நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அப்புறம்தான் தொடங்கியது. எங்கள் வீட்டுச் சமையலறையில் தினசரிக் காலண்டர் தொங்கும். அம்மா தினமும் காலையில் தாளைக் கிழித்து ராகுகாலம் பார்த்துவிட்டு ஒரு டப்பாவில் போட்டுவைப்பார். அந்தத் தாள்களின் பின்பக்கம் அவனுடைய காய்ச்சலை எழுதினேன். காலை எவ்வளவு, இரவு எவ்வளவு, என்ன மாத்திரை, சளி என்ன நிறம், எடை எவ்வளவு. ஏற்கெனவே கிழித்துப் போட்ட தாள்களையும் எடுத்து, நினைவிலிருந்து முடிந்த அளவு நிரப்பினேன். விரதத்துக்கு முன் 74 கிலோ இருந்தவன் 65-க்கு வந்திருந்தான். விரதம் முடிந்து இரண்டு வாரமாக வயிறாரச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே இருந்தது. தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது.

அரசின் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். உள்ளே கூப்பிட்ட டாக்டர் முதலில் தம்பிக்கு ஒரு முகக்கவசத்தைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார், பிறகுதான் பேசினார். வலது நுரையீரலின் மேல் பாகத்தில் வெள்ளையாக ஒரு திட்டு, அதன் நடுவில் ஒரு குழி. கடிதம் எழுதிக் கொடுத்து அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

மேல் பாகத்தில் குழி என்றால் இந்த ஊரில் எல்லாருடைய மனமும் முதலில் காசநோய்க்குத்தான் போகும், டாக்டர்களுடையதும். அது சரியான யோசனைதான். சிங்கப்பூரில் இன்னமும் வருடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய காசநோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள். தம்பியைத் தனி அறையில் வைத்தார்கள். உள்ளே போகும் ஒவ்வொருவரும் என்95 கவசம் போட வேண்டும்.

அம்மா அன்றைக்கு உடைந்துபோனார். எங்கள் தாத்தா 1950-களில் காசநோயோடு பல மாதம் மருத்துவமனையில் கிடந்தவர். அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தார் அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்களாம். "யார்கிட்டயும் சொல்லிடாத, உன் சித்தி வீட்டுக்கும் வேணாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். காசநோய் என்றால் ஆறு மாத மாத்திரையில் குணமாகும், மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் பெரும்பாலும் தொற்றுவது நின்றுவிடும், ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது என்று நர்ஸ் எடுத்துச் சொன்னார். அம்மாவின் காதில் ஏறவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சித்தி வீட்டுக்குச் சொல்லாமல் மறைக்கப் பார்த்தால் கூட வசித்தவர்கள், கூட வேலை செய்தவர்கள் பரிசோதனைக்கு வராமல் போய்விடுவார்கள். நான் சித்திக்கு அன்றிரவே போன் செய்தேன். அவர் மறுநாள் இடியாப்பம் செய்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

சளிப் பரிசோதனையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். முதல் நாள் தம்பி கொடுத்தது வெறும் எச்சில். ஆய்வுக்கூடம் அதை ஏற்கவில்லை, ஒரு நாள் வீணானது. மறுநாள் விடியற்காலை ஒரு நர்ஸ் அக்கா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிவயிற்றிலிருந்து இரும வேண்டும். தொண்டையைச் செருமித் துப்புவது போதாது. டப்பாவில் விழுவது கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் அது நெஞ்சிலிருந்து வந்தது. மூன்று முறை அப்படி எடுத்தார்கள். மூன்றிலும் காசநோய்க் கிருமி தெரியவில்லை. சில மணி நேரத்தில் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனையும் இல்லை என்றது. காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு வாரக்கணக்கில் ஆகும். எனவே முடிவாகச் சொல்ல முடியாது.

அவசரப் பிரிவில் எடுத்த ரத்தத்தில் இன்னொன்று தெரிந்திருந்தது. சர்க்கரை 19.4 மில்லிமோல். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 11.2. பொதுவாக 6.5-ஐத் தொட்டாலே நீரிழிவு. என் தம்பிக்கு இனிப்பு நீர். அப்பாவுக்கு 38 வயதில் வந்தது, இவனுக்கு 26-இல். சிங்கப்பூர் இந்தியர்களிடம் இது சீனர்களைவிட அதிகம் என்று தொலைக்காட்சியிலும் பேருந்து நிறுத்தத்திலும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அப்பாவின் சர்க்கரை பார்க்கும் கருவி சமையலறை மேடையில், அந்தக் காலண்டருக்கு நேர் கீழே, தினமும் எங்கள் கண்ணெதிரே இருந்தது. தாகம், இரவில் எழுவது, எடை குறைவது, மூன்றுக்கும் விரதம் என்ற ஒரு காரணத்தை வைத்திருந்தோம். ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அந்தக் கருவியில் வைத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் தொற்றுநோய்ப் பிரிவிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். தமிழ்ப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கலாம். முதலில், "ஆன்ட்டி, ஒரு பத்து நிமிஷம் வெளியில இருங்க, அக்காவும்" என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே என்ன கேட்டார் என்று தம்பியே பிறகு சொன்னான். மின்சிகரெட் பிடிப்பாயா, வேறு ஏதாவது போதைப்பொருள் உண்டா, உடலுறவு பற்றி, எச்ஐவி சோதனை செய்யலாமா. சிங்கப்பூரில் 2018 முதல் மின்சிகரெட் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம் என்பதால், அம்மா உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பையனும் ஆமாம் என்று சொல்ல மாட்டான். அந்தப் புகையே நுரையீரலை நேரடியாகக் கெடுத்து, எக்ஸ்ரேயில் நிமோனியா போலவே தெரியக்கூடும். தம்பியிடம் அந்தப் பழக்கம் இல்லை. இருந்திருந்தால், சொல்லாமல் மறைத்தது அவனுடைய நுரையீரலுக்குத்தான் கெடுதலாகியிருக்கும். பெற்றோர் வெளியே போகத் தயங்கக் கூடாது. டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே "நாங்கள் வெளியில் இருக்கிறோம்" என்று எழுந்து போவது நல்லது.

எங்களை உள்ளே கூப்பிட்ட பிறகும் அவருடைய கேள்விகள் நிற்கவில்லை. எந்த ஊருக்குப் போனான், வீட்டில் புறா, கிளி ஏதாவது வளர்க்கிறீர்களா, குகைக்குள் போனானா, வேலையிடத்தில் கல்தூசி உண்டா, மூட்டு வலி, தோலில் தடிப்பு, கண் சிவப்பு வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது நுரையீரல் சுருங்கியதா. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு நோய் இருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பறவை எச்சத்திலிருந்து வரும் பூஞ்சை, குகையில் வௌவால் எச்சத்திலிருந்து வருவது, கல்தூசியால் வருவது, சார்க்கோய்டோசிஸ் போலக் கிருமியே இல்லாமல் வருவது. கடைசியில் கேட்டார்: "மண்ணு, சேறு, தேங்கின தண்ணி, ஏதாவது? காலில காயம்?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்பா மெதுவாகச் சொன்னார். புளோக்குக்குப் பக்கத்தில் எங்கள் சமூகத் தோட்டம் இருக்கிறது. ஜனவரியில் மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு வெண்டைப் பாத்தி இடிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி ஸ்லிப்பரோடு இறங்கி, சேற்றில் நின்று, மண்ணை வெட்டி அணை கட்டிக் கொடுத்தான். டாக்டர் போர்வையை விலக்கி அவன் கால்களைப் பார்த்தார். வலது கணுக்காலுக்குக் கீழே, காற்பந்தில் கிழித்துக்கொண்ட காயம் ஆறிய தழும்பு, விரல் நகம் அளவுக்கு. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "எந்தத் தேதி?" என்றார்.

நான் பையிலிருந்து காலண்டர் தாள்களை எடுத்தேன். அவர் அவற்றை வாங்கி, சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பினார். தோட்டத்தில் இறங்கியதற்கும் காய்ச்சல் வந்ததற்கும் இடையில் 12 நாள். ஆக்மென்டின் சாப்பிட்ட நாட்களில் காய்ச்சல் இறங்கியதும், நிறுத்தியதும் ஏறியதும் தாளில் அப்படியே இருந்தது. எடை. வியர்வை. அவர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்து, ரத்தத்திலும் சளியிலும் ஒரு குறிப்பிட்ட கிருமியைத் தேடச் சொன்னார். அது உண்டாக்கும் நோயின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

மெலியோய்டோசிஸ்.

இதை உண்டாக்கும் பாக்டீரியா நம் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, வட ஆஸ்திரேலியா, தென்னிந்தியா எல்லா இடத்திலும் உண்டு. பெருமழைக்குப் பிறகு மேலே வரும். தோல் காயம் வழியாக நுழையும், காற்றில் கலந்த ஈரத்துளியாக மூச்சிலும் போகும். நல்ல உடம்புக்காரர்களை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. அதிகம் பிடிப்பது நீரிழிவு இருக்கிறவர்களை, அதுவும் கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு. நுரையீரலில் வந்தால் காசநோய் போலவே குழி விழும், வியர்க்கும், மெலியும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவது மிக மிக அரிது. அம்மாவிடம் முதலில் அதைத்தான் சொன்னேன்.

கல்ச்சரில் அது இரண்டு நாளில் வளர்ந்தது. ஆனால் டாக்டர் சொன்ன ஒரு விஷயம் என் மனதில் நிற்கிறது. ஒரு முறை கல்ச்சரில் வரவில்லை என்பதால் இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாதாம். நோய் உள்ளவர்களிலேயே பலருக்கு முதல் தடவை தப்பிவிடும். அதனால் ரத்தம், சளி, சிறுநீர், தொண்டை என்று பல இடத்திலிருந்தும் எடுத்து, சந்தேகம் இருந்தால் திரும்பவும் எடுக்க வேண்டும். சரியாக அடையாளம் காணாத ஆய்வுக்கூடம் இதை வேறு ஏதோ கிருமி என்று ஒதுக்கிவிடவும் வாய்ப்பு உண்டு. முன்கூட்டியே போன் செய்து சொன்னதற்கு அதுதான் காரணம். எங்கள் குடும்பத்துக்கு அவர் சொல்லிக்கொடுத்த கேள்வி இது: டிஸ்சார்ஜ் ஆகும்போது "இன்னும் முடிவு வராத சோதனை எதாவது இருக்கிறதா, அதை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்க வேண்டும்.

ஆக்மென்டினில் ஏன் அரைகுறையாக அடங்கியது என்பதற்கும் விடை கிடைத்தது. சாதாரண நிமோனியாவுக்குக் கொடுக்கும் மருந்துகள் பலவற்றை இந்தக் கிருமி பொருட்படுத்தாது. ஆக்மென்டின் கொஞ்சம் அமுக்கும், வேரை அறுக்காது. செஃப்டாசிடிம் என்ற மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்ததில் மண்ணீரலிலும் சிறு சிறு சீழ்க்கட்டிகள் தெரிந்தன. இருமல் மட்டுமே உள்ளவனுக்கு வயிற்றை எதற்கு ஸ்கேன் செய்கிறார்கள் என்று அப்பா கேட்டது நினைவிருக்கிறது. இந்த நோயில் அதைச் செய்தே ஆக வேண்டும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும். கட்டி இருந்ததால் இரண்டு வார ஊசி மருந்து நான்கு வாரமானது. முதல் இரண்டு வாரம் வார்டில். பிறகு மேல்கையில் மெல்லிய குழாய் வைத்து, இடுப்புப் பையில் மருந்தைத் தானாகச் செலுத்தும் பந்து வடிவக் குப்பியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் மூன்று மாதம் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை. தொடங்குமுன் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தால் அந்த மாத்திரை ரத்த அணுக்களை உடைக்கும். இங்கே பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அது பிறந்தவுடனே பார்க்கப்படுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் அவனுடைய சுகாதாரப் புத்தகம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் காய்ச்சல் போய், ஆள் தேறி, காற்பந்துக்கும் போக ஆரம்பித்தவுடன் "இனிமே எதுக்குக்கா இது, சாப்பிட்டாலே குமட்டுது" என்றான். பாதியில் விட்டால் திரும்ப வரும் நோய் இது. மாத்திரை சாப்பிட்டதும் அன்றைய காலண்டர் தாளில் டிக் போட வைத்தேன்.

வார்டில் இருந்தபோது இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1911-இல் ரங்கூனில் ஆல்பிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிணப் பரிசோதனைகளில் இதைக் கண்டுபிடித்தார். 1912-இல் அதை அவரோடு சேர்ந்து உலகத்துக்கு அறிவித்தவர் பெயர் கிருஷ்ணசாமி. அந்தப் பெயரைத் தம்பிக்குக் காட்டினேன். நூறு வருடத்துக்கு முன்னால் ரங்கூனில் நம் பெயர் கொண்ட ஒருவர் இந்தக் கிருமியைப் பார்த்திருக்கிறார் என்பதில் அவனுக்கு ஏனோ ஒரு சந்தோஷம். இன்றைக்கும் இதை விட்மோர் நோய் என்று சொல்கிறவர்கள் உண்டு. கிருஷ்ணசாமியையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்பாதான் நீண்ட நாள் தேறவில்லை. நான்தானே அவனைச் சேற்றில் இறக்கினேன் என்று உள்ளுக்குள் மருகினார். தோட்டத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் இதைப் புரிந்துகொண்டு அவரிடமே பேசினார். "அங்கிள், இது உங்க தோட்டத்துல மட்டும் இல்ல. அவன் விளையாடுற திடல்லயும் இருந்திருக்கலாம். எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பூட்ஸ், கையுறை போட்டு இறங்குங்க, காயத்தை மூடிக்குங்க, பெருமழை பெய்ஞ்ச அடுத்த நாள் மண்ணை வெட்டாதீங்க. முக்கியமா, சர்க்கரையைக் கட்டுப்பாட்டுல வைங்க, ரெண்டு பேரும்." அப்பா சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இப்போது எங்கள் வாசலில் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி நிற்கின்றன.

இந்த நோய் குணமான பிறகும் எப்போதாவது திரும்பலாம் என்பதால், இனி காய்ச்சல் வந்தால் முதலில் இந்தப் பெயரைச் சொல், கல்ச்சர் எடுக்கச் சொல் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தம்பி அதை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் ஆங்கிலத்தில் எழுதினான்: நோயின் பெயர், மாதம், வருடம், சாப்பிட்ட மருந்துகள், நீரிழிவு. மடித்துப் பர்ஸில் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்தான். போன வருடம் ஜூனில் அவனுக்கு 38.6 காய்ச்சல் வந்தது. கிளினிக் டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதலில் அந்தத் தாளை நீட்டினான். அவர் இரண்டு முறை படித்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார். அங்கே இரண்டு கையிலும் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று இரவே அது சளிக்காய்ச்சல் என்று தெரிந்தது. சில நாள் கழித்து, ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்று செய்தி வந்தது. தாளின் மடிப்பு கிழியத் தொடங்கியிருந்ததால் அம்மா அதற்கு டேப் ஒட்டிக் கொடுத்தார்.